சிலேட்டு இங்கிலீஷ்

"உனக்கு என்ன வேணும், கேளு."

"ஒண்ணும் வேணாம்."

"ஒண்ணும் வேணாம்னு சொல்ற பொண்ணு இந்தத் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே கிடையாது. கேளு. ஆனா ஒரு கண்டிஷன். இங்கிலீஷ்ல கேக்கணும். தப்பில்லாம கேட்டா அப்பவே தரேன்."

"சிரிப்பீங்க."

"சிரிச்சா நான் தோத்தேன்னு வெச்சுக்க."

"அப்புறம் கேக்குறேன்."

கல்யாணமான புதிதில், திருவையாற்றுப் படித்துறையில் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு தியாகராசனும் மங்களாம்பிகையும் பேசிக்கொண்டது இது. அவன் சட்டைப் பையில் கறுப்பு உடம்பும் தங்க நிற மூடியுமாக ஒரு பேனா செருகியிருந்தது. அதைத்தான் அவள் கேட்க நினைத்தாள். இங்கிலீஷ் வாக்கியம்கூட வாய்க்குள் தயாராக இருந்தது. ஆனால் சொல்ல வரவில்லை. அவன் கும்பகோணத்தில் பி.ஏ. படித்தவன். அவளோ எஸ்.எஸ்.எல்.சி.யில் மற்றதெல்லாம் தேறி, இங்கிலீஷில் மட்டும் சொற்ப மார்க்கில் கோட்டை விட்டவள். சிரித்துவிட்டால் தாங்க முடியாது என்று பயந்தாள்.

அந்த ஒரு பேப்பரை வீட்டிலிருந்தே படித்து எழுதிவிட வேண்டும், பிறகு டீச்சர் டிரெயினிங் போக வேண்டும் என்பது மங்களத்தின் ஆசை. மேலுக்கு வந்த ஆசை இல்லை. பெண் பார்க்க வந்த அன்றே, காப்பித் தட்டைக் கீழே வைக்காமல், "கல்யாணத்துக்கப்புறம் இங்கிலீஷ் மட்டும் எழுதிக்கிறேன்" என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னவள் அவள். மாமனார் பஞ்சநதம் சிரித்துக்கொண்டே, "எழுதிக்கம்மா, யாரு வேணாங்குறா" என்றார். மாமியார் வள்ளியம்மை மட்டும் மகன் காதருகே குனிந்து, "தட்டைக்கூட வெக்கல, அதுக்குள்ள கோரிக்கை வெக்கிது. இது யூனியன்ல சேந்த பொண்ணாடா?" என்றாள்.

கொடுத்த வாக்கைத் தியாகராசன் காப்பாற்றுவது போலத்தான் இருந்தது. தஞ்சாவூரிலிருந்து ஒரு கைடு வாங்கி வந்தான். சாயங்காலம் வயலிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "வா வா, காம்போசிஷன்" என்று கூப்பிடுவான். நோட்டு மட்டும் வாங்கித் தரவில்லை. ஒரு சிலேட்டும் பலப்பமும் வாங்கிக் கொடுத்தான்.

"நோட்டுல எழுதினா தப்பு தப்பாவே நின்னுடும். சிலேட்டுன்னா அழிச்சிட்டு எழுதலாம் பாரு."

"பரீட்சையில பேனாவுலதானே எழுதணும்?"

"அப்பத் தரேன்."

வயசுக்கு வந்து, கல்யாணமும் ஆனவள் மடியில் சிலேட்டை வைத்துக்கொண்டு எழுதுவதைப் பார்த்து வள்ளியம்மை தாவாங்கட்டையைத் தோளில் இடித்துக்கொள்வாள். மங்களம் சட்டை செய்யமாட்டாள். மழை நாள், பசு, கண்காட்சிக்குப் போனது, ரயில் பயணம் என்று கைடில் இருந்த தலைப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாக எழுதிப் பழகினாள். ஒருநாள் ஆற்றைப் பற்றி எழுதச் சொன்னான். அவள் கைடைத் திறக்காமலேயே, 'தி ரிவர் டஸ் நாட் ஆஸ்க் எனிபடி. இட் கோஸ்' என்று எழுதி நீட்டினாள். எழுதி முடித்தபோது அவளுக்கே உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

தியாகராசன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஆறு யாரைக் கேக்கணும், பி.டி.ஓ.வையா? 'காவேரி இஸ் தி கேஞ்சஸ் ஆஃப் தி சவுத்'னு ஆரம்பி. கைடுல இருக்கு பாரு. பேப்பர் திருத்துறவன் அதைத்தான் தேடுவான்."

ஈரத் துண்டின் நுனியால் அந்த இரண்டு வரியையும் அவனே துடைத்தான். துடைத்ததோடு விட்டிருக்கலாம். சீட்டாட வந்த சிநேகிதர்களிடமும் சொல்லிவிட்டான். அதற்கப்புறம் அவர்களில் ஒருவனான இராஜாங்கம் எப்போது வந்தாலும் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்து, "என்ன தங்கச்சி, ஆறு இன்னிக்கு யாரையாவது கேட்டுச்சா?" என்பான். கூடமே சிரிக்கும். மங்களம் டம்ளர்களை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். பேனா கேட்கும் அந்த வாக்கியம் தொண்டையில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிவிடும்.

பரீட்சை வரும், போகும். ஒரு தடவை அவள் முழுகாமல் இருந்தாள். அடுத்த தடவை கைக்குழந்தை. அதற்கடுத்து குறுவை அறுப்பு, ஆள் தகராறு, கொடி ஊர்வலம். "ஃபாரம் வாங்கினீங்களா?" என்று கேட்டால், "அடடா, தேதி முடிஞ்சிருச்சே மங்களம்" என்று கன்னத்தைத் தட்டுவான். உண்மையாகவே வருத்தப்படுகிறவன் போல முகம் இருக்கும். குழந்தை கயல்விழி தவழ்ந்து, நடந்து, ஓட ஆரம்பித்துவிட்டாள். மங்களத்துக்குக் கைடு முழுக்க மனப்பாடம் ஆகிவிட்டது.

அந்த வருஷம் தேதி முடிவதற்குள் வேறொரு காகிதம் வந்தது. நில உச்சவரம்பு விசாரணைக்கு மங்களாம்பிகை நேரில் வர வேண்டும் என்று. ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு நிலம்தான் என்று சர்க்கார் வரம்பைக் குறைத்திருந்த காலம். மிராசுதார்கள் வீட்டில் பூனைக்குக்கூட நிலம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று யூனியன் மேடைகளில் கேலி பேசிய காலம்.

பஞ்சநதம் சாப்பிட்டுக்கொண்டே, மோர் கேட்பது போலச் சாதாரணமாகச் சொன்னார்.

"அம்மாடி, ஆத்தங்கரைப் பங்கு உன் பேர்லதான் இருக்கு. தெரியுமில்ல?"

"தெரியாது மாமா."

"தெரியாதா? நீதானே அதை நான் பாத்துக்கலாம்னு பவர் எழுதிக் கொடுத்த. உன் வளைகாப்பன்னிக்குக் கைநாட்டு வெச்சியே."

மங்களத்துக்கு அந்த நாள் கண் முன்னால் வந்தது. இரண்டு கையிலும் மருதாணி அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்திரம் எழுதுகிறவரும் பதிவு ஆபீஸ்காரரும் வீட்டுக்கே வந்திருந்தார்கள். "கையக் கழுவிட்டு வந்து கையெழுத்துப் போடுறேன் மாமா" என்று எழுந்தவளை வள்ளியம்மை தோளைப் பிடித்து உட்கார்த்தினாள். "இன்னும் செவக்கவே இல்ல, எதுக்கு அவசரமாக் கழுவுற? ஒரு விரல் போதும்." இடது கட்டை விரலில் இருந்த மருதாணியை மட்டும் வழித்தெடுத்து, மையைத் தடவி, காகிதத்தில் அழுத்தினார்கள். வீட்டு விஷயம், அவ்வளவுதான் என்று இருந்துவிட்டாள். மற்ற விரலெல்லாம் ரத்தமாய்ச் சிவந்து அந்த ஒரு விரல் மட்டும் வெளுத்துக் கிடந்ததைப் பார்த்து, வளையல் போட வந்த பெண்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

"அதுல என்ன எழுதியிருந்தது?"

"எழுதப் படிக்கத் தெரியாத மங்களாம்பிகைன்னு. கைநாட்டுன்னா அப்படித்தானே எழுதணும்? அதுவும் நல்லதாப் போச்சு. படிக்காதவகிட்ட எந்த ஆபீசர் எதைக் கேப்பான்? 'எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, மாமாவைக் கேளுங்க'ன்னா முடிஞ்சுது. இப்ப நம்ம குத்தகைக்காரன் கண்ணுசாமி இருக்கானே, அவன் யூனியனோட சேந்து மனு போட்டிருக்கான். அந்தப் பொம்பள படிச்சவ, இங்கிலீஷே எழுதும், பத்திரம் பொய்யின்னு. அது பொய்யின்னு ஆச்சுன்னா நிலம் கைவிட்டுப் போயிரும். அதுக்குத்தான் விசாரணை."

மங்களம் புருஷனைப் பார்த்தாள். அவன் ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான்.

"அப்ப என் பரீட்சை?"

"ஃபாரத்துல கையெழுத்துப் போடணும் மங்களம். போட்டா கேஸ் போச்சு."

"இத்தனை வருஷமும் அதனாலதானா?"

தியாகராசன் அப்பளம் இருக்கிறதா என்று கேட்டான்.

அப்பளத்தை எடுக்க உள்ளே போனவள், மூலையில் சாய்த்து வைத்திருந்த சிலேட்டைப் பார்த்தபடி நின்றாள். இத்தனை வருஷம் எழுதியிருக்கிறாள். வீட்டில் எங்கே தேடினாலும் அவள் கையால் எழுதிய ஒரு வரி கிடைக்காது. நோட்டு வாங்கித் தராததைக் கஞ்சத்தனம் என்றல்லவா நினைத்திருந்தாள்.

மறுநாள் காலையில் கொல்லையில் நெல் அவித்தார்கள். பெரிய அண்டாவுக்கடியில் பதர் போட்டு எரியும் அடுப்பு. தியாகராசன் கைடைக் கொண்டுவந்தான். அதன்மேல் அவள் மார்க்கெல்லாம் பதிந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் இருந்தது. பெட்டியின் அடியில், கல்யாணப் புடவைக்குள் சுற்றி வைத்திருந்தது.

"அது வேணாங்க. அது என் அப்பா இனிஷியலோட இருக்கு. அதுக்கும் கேஸுக்கும் சம்பந்தமில்ல."

"வீட்டைச் சோதனை போடுவாங்கன்னு அப்பா பயப்படுறார். கேஸ் முடியட்டும், வேற வாங்கிக்கலாம்." அவன் குரல் எப்போதும் போல மெத்தென்றுதான் இருந்தது. முதலில் கைடைப் போட்டான். பிறகு அதை. அட்டை சீக்கிரம் பற்றவில்லை. வள்ளியம்மை துடுப்பால் தள்ளிவிட்டாள்.

"இப்பவாச்சும் ஒழுங்கா வேகட்டும் நெல்லு" என்றாள்.

மங்களத்தின் மனசு தன்னையறியாமல் ஒரு கடிதம் எழுதத் தொடங்கியது. தலைமை ஆசிரியருக்கு, மாற்றுப் புத்தகம் வேண்டி. 'ஐ பெக் டு ஸ்டேட் தட் மை எஸ்.எஸ்.எல்.சி. புக் வாஸ் லாஸ்ட் இன் எ ஃபயர்.' கைடில் இருந்த மாதிரிக் கடிதம்தான் அது. யார் தீயில் போட்டார்கள் என்று அதில் சொல்ல வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் தியாகராசன் வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டு, "வா மங்களம்" என்றான். இந்தத் தடவை சிலேட்டு இல்லை. படிக்கத் தெரியாதவளாக இருப்பதற்குப் பாடம்.

"வாயால தெரியாதுன்னு சொல்றது பெரிசில்ல. ஆபீசர் பேப்பரை நீட்டிட்டு உன் கண்ணைத்தான் பாப்பான். படிச்சவ கண்ணு இடமிருந்து வலமா ஓடும். உன் கண்ணு ஓடக் கூடாது."

தீப்பெட்டியை நீட்டினான். "என்ன போட்டிருக்கு?"

"தெரியாதுங்க."

"ஓடிச்சு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வள்ளியம்மை அவள் உச்சந்தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலிக்கும்படியாகத்தான். கயல்விழிக்கு அது புது விளையாட்டு. ஓடிவந்து அம்மா தலையில் தானும் குட்டிவிட்டுக் கைகொட்டினாள். "அப்படித்தான் கண்ணு, நல்லாக் குட்டு" என்றாள் பாட்டி.

தீப்பெட்டி, பஞ்சாங்கம், உரச்சாக்கு, சுவரில் தொங்கிய காலண்டர், பேப்பர் என்று வீட்டில் எழுத்து இருந்ததெல்லாம் பாடமாயிற்று. சமைக்கும்போது பொட்டலக் காகிதத்தைத் திடீரென்று முகத்துக்கு நேராக நீட்டுவார்கள். எழுத்தைக் கண்டால் கண் தானாகப் படித்துவிடுகிறது. அதை நிறுத்துவது மூச்சை நிறுத்துவது போல இருந்தது அவளுக்கு.

"எழுத்த எழுத்தாப் பாக்காத. கோலமாப் பாரு. புள்ளியும் இழையுமா" என்று தியாகராசன் சொல்லிக் கொடுத்தான். நல்ல வாத்தியார் அவன். பிடிபடும்வரை பொறுமையாகச் சொல்லித் தருவான். ஒருநாள் பேப்பரின் முழுப் பக்கத்தையும் நீட்டினான். அவள் கண் நடுவில் போய் நின்றது, அசையவில்லை.

"குட்" என்றான்.

அவளுடைய எந்தக் காம்போசிஷனுக்கும் அவன் ஒருநாளும் குட் சொன்னதில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் கண்ணுசாமியின் பெண்சாதி அம்சம் கொல்லைப்பக்கம் வந்தாள். வழக்கு வருகிறவரைக்கும் மாட்டுக் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவள்தான். இப்போது வேலி ஓரத்தோடு நின்றுகொண்டாள்.

"ஆத்தங்கரைப் பங்க எங்க மாமனார் காலத்துலேருந்து நாங்கதான் உழுவுறோம். ஒங்களுக்கே தெரியும். அத விட்டா எங்களுக்கு வேற பொழப்பு இல்லீங்க. நீங்க உள்ளத உள்ளபடி சொன்னாப் போதும். எழுதத் தெரியும்னு ஒரு வார்த்த."

சமையற்கட்டு ஜன்னலில் வள்ளியம்மையின் நிழல் தெரிந்தது.

"எனக்கு எழுதத் தெரியாது அம்சம்."

அம்சம் அவளையே பார்த்தாள். "அப்ப அன்னைக்கி அந்தப் பலகையில எம் பேர எழுதிக் காமிச்சது யாரு? பேயா?"

மங்களத்துக்கு, அன்றைக்கு அம்சம் சிலேட்டில் இருந்த அந்த நாலு எழுத்தைச் சாணிக் கையால் தொட மனசில்லாமல், காற்றிலேயே விரலால் வரைந்து பார்த்தது நினைவுக்கு வந்தது.

"சரிங்க. தெரியாதுன்னா தெரியாதுதான்" என்று அம்சம் திரும்பினாள். இரண்டடி போய், "தெரிஞ்சிருந்தும் தெரியாதுன்னு சொல்றதுக்கு எங்கள மாதிரி நெசமாவே தெரியாமப் பொறந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளே வந்ததும் வள்ளியம்மை மருமகளுக்கு நெய் விட்டுச் சோறு போட்டாள். "இப்பத்தான் நீ இந்த வீட்டுப் பொண்ணு" என்றாள்.

மறுநாள் கிளம்பும்போது கயல்விழி கூட வருவதற்கு அழுதாள். வள்ளியம்மை பேத்தியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலை மறித்தாற்போல நின்றாள். "சொன்னதைச் சொல்லிட்டு வந்து புள்ளயத் தூக்கிக்க. வேற மாதிரி ஏதாச்சும் ஆச்சுன்னா, தஞ்சாவூர்லேருந்தே உங்கப்பன் வீட்டுக்கு பஸ் இருக்கு. புள்ள இங்கயே இருக்கும்."

பஸ்ஸில் நல்ல கூட்டம். பஞ்சநதம் முன்னால் உட்கார்ந்துகொண்டார். மங்களமும் தியாகராசனும் பின்சீட்டில். திருவையாற்றில் ஒரு பெண் ஏறி மங்களத்தின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். தாவணி, மடியில் பரீட்சை அட்டை, அதில் ஹால் டிக்கெட். அவளும் வெளியிலிருந்து எழுதுகிறவளாகத்தான் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பெண்ணின் வயசைத் தாண்டியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, 'எ ஜர்னி பை டிரெய்ன்' கட்டுரையை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அதே கைடு.

"தி ட்ரீஸ் அண்ட் தி ஃபீல்ட்ஸ்…" அந்தப் பெண் தடுமாறினாள். திரும்ப ஆரம்பித்தாள். அதே இடத்தில் மறுபடி நின்றது. முகத்தில் வேர்த்துவிட்டது.

'சீம்ட் டு ரன் பேக்வர்ட்ஸ்.' மங்களத்தின் உதடுவரை வந்துவிட்டது. தியாகராசனின் கை அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. வளையல் பதிந்து வலித்தது. அந்தப் பெண் தஞ்சாவூரில் இறங்கும்வரை அந்த வரி அவளுக்குக் கிடைக்கவில்லை.

இறங்கி நடந்தார்கள். வழியெல்லாம் கடைப் பலகைகள். மங்களம் எல்லாவற்றையும் கோலமாகவே பார்த்துக்கொண்டு போனாள்.

விசாரணை அறையில் ஒரு நீள மேஜை. அதிகாரி வயசானவர், கண்ணாடி போட்டவர். சுவரோரம் கண்ணுசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். பக்கத்தில் அம்சம். அவள் மங்களத்தைப் பார்க்கவே இல்லை.

"உங்க பேர்லயா இந்த நிலம்?"

"தெரியாதுங்க. மாமாவைக் கேளுங்க."

"இந்தப் பவர் பத்திரம் நீங்க எழுதிக் கொடுத்ததா?"

"கைநாட்டு வெச்சேங்க."

"நீங்க படிச்சவங்கன்னு எதிர்த்தரப்புல சொல்றாங்க."

"இல்லீங்க."

அதிகாரி ஒரு காகிதத்தை அவள் முன்னால் தள்ளிவிட்டு, கண்ணாடிக்கு மேலாக அவள் கண்களையே பார்த்தார். தியாகராசன் சொன்னது சரியாக இருந்தது. மங்களம் காகிதத்தைப் பார்த்தாள். புள்ளிகள், இழைகள். கண் நடுவில் போய் நின்றது. சுவரோரத்தில் அம்சம் மூச்சு விடுவது கேட்டது. கண் அசையவில்லை.

அதிகாரி பெருமூச்சு விட்டார். "சரி, வாக்குமூலத்துல கைநாட்டு வாங்கிக்குங்க."

குமாஸ்தா மைப் பெட்டியை நகர்த்தி வைத்தார். பஞ்சநதம் தொண்டையைச் செருமினார், திருப்தியாக. தியாகராசன் பக்கத்தில் வந்து அவளுடைய இடது கையைத் தன் கையில் எடுத்தான். தோளில் கிடந்த துண்டின் நுனியால் கட்டை விரலைத் துடைத்தான். அன்பாகத்தான் துடைத்தான், குழந்தையின் வாயைத் துடைப்பது போல. சிலேட்டைத் துடைத்ததும் இதே மாதிரிதான். அவள் காதருகில் குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னான்.

"குட்."

அவள் நிமிர்ந்தாள். அவன் குனிந்திருந்ததால் சட்டைப் பை அவள் முகத்துக்கு நேராக இருந்தது. கறுப்பு உடம்பு, தங்க நிற மூடி. சீட்டாட்டக் கணக்கு எழுதுவதைத் தவிர வேறெதற்கும் அவன் அதை எடுத்து அவள் பார்த்ததில்லை. மூடியைச் சுற்றிப் பொடி எழுத்தில் கம்பெனியின் பெயர் இருந்தது. அவள் கண் இடமிருந்து வலமாக ஓடி அதைப் படித்தது.

இடுப்பில் கயல்விழியோடு வாசலை மறித்து நிற்கும் மாமியார் நினைவுக்கு வந்தாள். அப்பா வீட்டுக்குப் போகும் பஸ்ஸும் நினைவுக்கு வந்தது. மங்களம் கையை மெல்ல உருவிக்கொண்டாள். அதிகாரியைப் பார்க்கவில்லை, மாமனாரைப் பார்க்கவில்லை. புருஷன் முகத்தை மட்டும் பார்த்து, படித்துறையில் அன்று தொண்டைக்குள்ளேயே தங்கிவிட்டதை, அறை முழுக்கக் கேட்கும்படி, ஒரு தப்பும் இல்லாமல் கேட்டாள்.

"மே ஐ ஹேவ் யுவர் பென், ப்ளீஸ்?"